மிச்சம் கேட்டு அலைஞ்ச வண்டி

இன்னைக்கு எனக்கு இருந்தது ஒரே வேலை. கல்யாண மண்டபத்துல மிச்சமாகற சாப்பாட்டை எடுத்துட்டுப் போய் முதியோர் இல்லத்துல சேர்க்கணும். நடுவுல ஒரு மேடு, ஒரு பள்ளம். குன்னூர்ல எந்த ரெண்டு இடத்துக்கும் நடுவுல அதுதான் இருக்கும்.

வீணாகற சாப்பாட்டைக் காப்பாத்தறதுக்கு அரசாங்கம் எங்க குடியிருப்போர் சங்கத்துக்குப் பணம் குடுத்திருக்கு. "யாருங்க பொறுப்பு எடுத்துக்கறீங்க?"ன்னு கூட்டத்துல கேட்டப்போ கை தூக்கினது நான். தூக்கறதுக்கு முன்னாடி சுத்தி ஒருதடவை பார்த்திருக்கணும்.

அந்தப் பணத்துல ஒரு மினி வேன் வந்துச்சு. அதுக்குள்ள ஒரு பெரிய குளிர்பெட்டி. குன்னூருக்கு, தை மாசத்துல, குளிர்பெட்டி. டிரைவர் நஞ்சன் உள்ள கையை விட்டுப் பார்த்தாரு.

"அக்கா, வெளியைவிட உள்ள கொஞ்சம் கதகதப்பா இருக்குதுக்கா."

எனக்கு ஒரு ஏப்ரனும் குடுத்தாங்க. நெஞ்சுல கொட்டை எழுத்துல 'ஒரு பருக்கையும் வீணாக்க மாட்டேன்'.

சாயங்காலம் கோயமுத்தூர்ல இருந்து ஒரு அதிகாரி இல்லத்துக்கே வர்றதா ஏற்பாடு. மிச்சமான சாப்பாடு வந்து இறங்கறதை அவர் கண்ணால பார்க்கணும். பார்க்கலைன்னா வேனைத் திரும்ப எடுத்துக்குவாங்க. அதனால இல்லத்தை நடத்தற லீலா டீச்சர்கிட்ட நேத்தே வீராப்பாச் சொல்லிட்டேன்.

"நாளைக்கு ராத்திரிக்கு அடுப்பே பத்த வெக்காதீங்க டீச்சர். கல்யாணச் சாப்பாடு வருது."

வாய் இருக்கே, அது சும்மா இருக்காது.

மண்டப வாசல்ல மாப்பிள்ளையோட அப்பா நின்னு எல்லாரையும் கும்பிட்டுட்டு இருந்தாரு. குன்னூர்ல காய்கறி மண்டி வெச்சிருக்கறவரு, பூர்வீகம் பொள்ளாச்சிப் பக்கம். நானும் கும்பிட்டுட்டு நேரா விஷயத்துக்கு வந்தேன்.

"மிச்சம் எவ்வளவு வருங்க?"

அவர் கையைக் கீழ இறக்கிட்டாரு.

"ஏனுங் அம்மணி, ரெண்டாம் பந்திக்கே இன்னும் எலை போடலீங்க. அதுக்குள்ள மிச்சத்தைக் கேக்கறீங்க?"

சாவு வீட்டுல போய் 'சௌக்கியமா'ன்னு கேட்ட மாதிரி ஆயிடுச்சு. நான் விளக்கம் சொல்ல ஆரம்பிச்சேன். அவர் கேக்கவே இல்லை.

"மொதல்ல சாப்புடோணும். அப்பறம் பேசிக்கலாம்."

உக்கார வெச்சுட்டாங்க. அவரே வந்து ஒப்புட்டு வெச்சாரு, நம்ம போளிதான். ஒத்தையா வெக்கக் கூடாதுன்னு ரெண்டாவது. நல்லா இருக்குன்னு மரியாதைக்குச் சொன்னதுக்கு மூணாவது. அதுல பாதியை இலையில விட்டுட்டு எந்திரிக்கப் போனேன். எதிர்ல இருந்த அம்மா என் நெஞ்சுல இருந்ததை எழுத்துக்கூட்டிச் சத்தமாப் படிச்சாங்க. திரும்ப உக்காந்து தின்னு முடிச்சேன்.

அப்புறம் மூச்சு வாங்க வாங்க மாப்பிள்ளை அப்பாகிட்ட விஷயத்தைச் சொன்னேன். முதியோர் இல்லம்னதும் அவருக்கு முகமே மாறிடுச்சு.

"வயசானவங்களுக்கு மிச்சத்தையா குடுக்கறது? எம்பட பையன் கல்யாணத்துல அப்படிக் குடுத்தேன்னா நாளைக்கு மண்டியில தலை காட்ட முடியுங்களா? புதுசாச் சமைச்சே தர்றனுங்க."

"ஐயோ, புதுசு வேண்டாங்க. எங்களுக்கு மிச்சந்தான் வேணும்."

சுடச்சுடச் சோறு போடறேங்கறவர்கிட்ட, வேண்டாம், மீந்ததைக் குடுங்கன்னு கெஞ்சிக்கிட்டு நிக்கறேன். என்ன பண்றது, விதி அப்படி. புதுசாச் சமைச்சுக் குடுத்தா அது அன்னதானம். அன்னதானத்துக்குத் திட்டத்துல இடம் கிடையாது.

ரொம்ப நேரம் கெஞ்சினதுல அவர் கொஞ்சம் இறங்கி வந்தாரு. "பந்தி முடிஞ்சதும் அண்டாவுல இருக்கறதை எடுத்துக்குங்க. எம்பேரை மட்டும் எங்கயும் சொல்லிப்போடாதீங்க."

பந்தி முடிஞ்சுது. சாதம் அரை அண்டா, சாம்பார் ஒரு குண்டா, பொரியல். நஞ்சன் எல்லாத்தையும் வேன்ல ஏத்திக் கதவைச் சாத்தறாரு, வாசல்ல ஒரு பஸ் வந்து நிக்குது.

பொண்ணு வீட்டோட ரெண்டாவது பஸ். மலைப்பாதையில மரம் விழுந்து, பர்லியாறுலயே மாட்டிக்கிட்டு, தாலி கட்டினதை போன்ல பார்த்துட்டு வந்திருக்காங்க. அத்தனை பேருக்கும் கொலைப் பசி.

"அண்டாவை எறக்குங்கப்பா"ன்னு மாப்பிள்ளை அப்பா சொன்னாரு.

எறக்கினோம். பரிமாற ஆள் பத்தலைன்னு என் கையில சாம்பார் வாளியைக் குடுத்துட்டாங்க. "கொஞ்சமாப் போடுங்க"ன்னு சொன்னவங்களை எல்லாம் எனக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. அப்படிச் சொன்னது ஒரே ஒருத்தர், அவருக்கும் பல்வலி. திட்டத்தோட நோக்கம் இன்னைக்கு அந்த மண்டபத்துல நூத்துக்கு நூறு நிறைவேறிடுச்சு. ஒரு பருக்கை மிஞ்சல.

அந்த நேரம் பார்த்து லீலா டீச்சர் போன் பண்ணினாங்க.

"எல்லாரும் தட்டைக் கழுவி வெச்சுட்டு உக்காந்திருக்காங்கம்மா. மத்தியானம் பாதிப் பேரு சரியாவே சாப்பிடல, கல்யாணச் சாப்பாட்டுக்கு வயித்துல இடம் வேணுமாம். எப்ப வர்றீங்க?"

வேன் போனாப் போகட்டும். என் பேச்சை நம்பி வயசானவங்க பட்டினியா உக்காந்திருக்காங்க. நான் மூணு ஒப்புட்டு தின்னுட்டு நிக்கறேன். வெக்கமா இருந்துச்சு.

மாப்பிள்ளை அப்பாகிட்டப் போய் நடந்ததைச் சொன்னேன்.

"நான் அப்பவே சொன்னனுங்களே அம்மணி"ன்னு ஒரே வார்த்தை. சமையக்காரரைக் கூப்பிட்டு அடுப்பைத் திரும்பப் பத்த வெக்கச் சொன்னாரு. தக்காளி சாதம், தயிர் சாதம், கேசரி. எல்லாம் குளிர்பெட்டியில ஏறுச்சு, சுவிட்ச் மட்டும் போடல. சூடு துளி ஆறாம வந்துச்சு, பெட்டியைக் குத்தம் சொல்ல முடியாது. தன் கையாலதான் பரிமாறணும்னு அவரும் கூடவே ஏறிக்கிட்டாரு.

இல்லத்துல அதிகாரி தராசும் கையுமா நின்னுட்டு இருந்தாரு. மூடியைத் திறந்ததும் ஆவி அடிச்சு அவரோட கண்ணாடி மங்கிப்போச்சு.

"இது மிச்சமான சாப்பாடா?"

நான் வாயைத் திறக்கறதுக்குள்ள மாப்பிள்ளை அப்பா நெஞ்சை நிமித்திக்கிட்டுச் சொன்னாரு: "மிச்சமா? அந்தப் பழக்கமே நம்மகிட்டக் கெடையாதுங்க. இப்பத்தான் எறக்குனது."

"அப்ப இது கணக்குல வராதுங்களே மேடம்"னு அதிகாரி தராசை ஓரமா வெச்சுட்டாரு.

வராட்டிப் போகுது. பெரியவங்க சாப்பிட்டாங்க. போதும்னவங்களை மாப்பிள்ளை அப்பா விடல, இன்னொரு கரண்டி, இன்னொரு கரண்டின்னு போட்டுக்கிட்டே போனாரு. வரிசையா ஏப்பம் கேட்டுச்சு. அதைக் கேக்கக் கேக்க எனக்கு நிம்மதியா இருந்துச்சு.

எல்லாரும் கை கழுவினப்புறம் பார்த்தா, பாத்திரத்துல தக்காளி சாதம் இன்னும் இருக்கு. கேசரியும் இருக்கு.

"சார், இது மிச்சம்தானுங்களே?"ன்னு கேட்டேன்.

அதிகாரி யோசிச்சாரு. "பரிமாறினதுக்கப்புறம் மீந்தது. மிச்சம்தான். ஆனா பசியா இருக்கற யாருக்காவது போய்ச் சேரணும். அப்பத்தான் நான் எழுத முடியும்."

சுத்திப் பார்த்தேன். பெரியவங்களுக்கு மூச்சு விடவே இடமில்லை. எனக்கு ஒப்புட்டு தொண்டை வரைக்கும் நிக்குது. நஞ்சன் வர்ற வழியிலயே கேசரியை ஒரு கை பார்த்தாச்சு.

நஞ்சன்தான் மெதுவாக் கேட்டாரு: "சார், நீங்க சாப்பிட்டீங்களா?"

அதிகாரி தரையைப் பார்த்தாரு. "எங்கங்க. பர்லியாறுகிட்ட மரம் விழுந்துச்சே, அங்க என் ஜீப்பும்தான் நின்னுச்சு. காலையில குடிச்ச டீயோட இருக்கேன்."

லீலா டீச்சர் தட்டு கொண்டாந்தாங்க. மாப்பிள்ளை அப்பா கரண்டியை எடுத்தாரு. அதுக்கப்புறம் அதிகாரியால 'போதும்'ங்கற வார்த்தையை முழுசாச் சொல்ல முடியல.

சாப்பிட்டு, கையைக் கழுவித் துடைச்சுட்டு, வேன் எங்ககிட்டயே இருக்கலாம்னு எழுதினாரு. பயனாளிகள் எத்தனை பேருங்கற இடத்துல 'ஒன்று'ன்னு போட்டுக் கையெழுத்து வெச்சாரு.