ஒன்பதாம் வகுப்பு ‘பி’ பிரிவும் ஒரு மாங்கொட்டையும்

“பத்து மணிக்குப் போய் நாலு மணிக்கு வர்றதெல்லாம் ஒரு வேலையா?”

கோவிந்தராஜன் இப்படிக் கேட்டார். சிகந்திராபாத் மெட்டுகுடாவில் அவருடைய வீட்டுக் கூடத்தில். மே மாதம். காலையிலேயே ஓடு கொதிக்கிறது. வேலைக்குப் போக பூட்ஸுக்குள் காலைத் திணித்துக்கொண்டிருந்தார். எதிரே ஈஸிசேரில் மனைவி ஜலஜா சாய்ந்துகொண்டு மாம்பழம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். காரணம் அதுதான். வேறு காரணம் தேட வேண்டாம்.

ஜலஜா எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி. பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கும் சயன்ஸும். கோவிந்தராஜன் சனத்நகரில் ஒரு சர்க்கார் தொழிற்சாலையில் இஞ்சினியர். இருபது வருஷ சர்வீஸ். அவருக்குக் கீழே நாற்பது பேர், மேலே இரண்டு பேர். அந்த நாற்பதை இவர் சுமந்துவிடுவார். அந்த இரண்டைத்தான் சுமக்க முடியவில்லை. போதாததற்கு வார்ப்பட உலை. மே மாதத்தில் அந்தப் பக்கம் போய்வந்தால் மனுஷன் கருவாடு.

“பழம் இனிப்பா இருக்கா?” என்றார்.

“பங்கனப்பள்ளியாச்சே. உங்களுக்கும் வெச்சிருக்கேன்.”

“கொட்டைதானே?”

“கொட்டைதான். ஆனா நிறைய சதை ஒட்டிட்டிருக்கு.”

கோவிந்தராஜன் கம்பெனி பஸ்ஸில் கொட்டையைச் சப்பிக்கொண்டே போனார். போகும் வழியெல்லாம் ஒரே யோசனை. ஒரு மாசம் லீவு. ஈஸிசேர். ஃபேன். நமக்கு மட்டும் ஏன் இல்லை?

மறுநாள் காலை காபி வந்தது. டம்ளருக்கு அடியில் நாலாக மடித்த பேப்பர். பொதுவாக அந்த வீட்டில் பேப்பர் இவர் கைக்கு வரும்போது பாதி அலமாரித் தட்டில் விரிந்திருக்கும். அன்று முழுசாக வந்தது. டம்ளரைத் தூக்கினார். வட்டமாகக் காபிக் கறை. கறைக்கு நடுவே ஒரு விளம்பரம்.

கணக்குக்கும் சயன்ஸுக்கும் பயிற்சி பெற்ற வாத்தியார்கள் கிடைப்பதில்லையாம். அதனால் உத்தியோகத்தில் இருக்கும் சயன்ஸ், இஞ்சினியரிங் பட்டதாரிகள் சாயங்காலத்தில் படிக்கலாமாம். ஒரே வருஷம். கையில் பி.எட்.

“ஜலஜா! இங்கே பாரு, நான் என்ன கண்டுபிடிச்சிருக்கேன்!”

ஜலஜா வந்தாள். படித்தாள். முகம் சுருங்கியது.

“யாருக்கு? உங்களுக்கா? வேணாங்க.”

“ஏன் வேணாம்?”

“பிள்ளைங்க உங்களைப் பிச்சுத் தின்னுடுவாங்க.”

“நாற்பது பேரை மேய்க்கறவன்டி நான்!”

“அந்த நாற்பது பேருக்கும் சம்பளம் குடுக்கறாங்க. அதனால பயப்படறாங்க. இங்கே ஃபீஸ் கட்டிட்டு வந்து உக்காந்திருப்பாங்க. எதுக்குப் பயப்படணும்? விடுங்க. உங்களால முடியாது.”

மீசை வைத்த ஆண்பிள்ளையிடம் ‘உங்களால முடியாது’ என்று சொன்னால் என்ன ஆகும்? அன்று சாயங்காலமே அப்ளிகேஷன் போட்டார்.

பக்கத்து வீட்டுத் தேவசகாயம் காம்பவுண்டுச் சுவர் மேல் முகவாயை வைத்துக்கொண்டு விஷயத்தைக் கேட்டார். ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். மூன்று தலைமுறையாக சிகந்திராபாத்.

“நக்கோ சார், வேணாம். பொண்டாட்டி தொழில்ல புருஷன் காலை விடக்கூடாது.”

“ஏன்யா?”

“எங்க எலிசபெத் கிறிஸ்மஸுக்குக் கேக் சுட்டு விப்பா இல்ல? ஒரு வருஷம் நான் போயி, இதென்ன பெரிய வேலை, தள்ளு நான் மாவு கலக்கறேன்னேன்.”

“அப்புறம்?”

“இன்னும் கலக்கிட்டிருக்கேன் சார்.”

கோவிந்தராஜன் சிரித்தார். அப்போது சிரிப்பு வந்தது.

படிப்பு ஓடியது. மாலை வகுப்பில் இவரோடு ஒரு பேங்க் குமாஸ்தா, மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி ஒருவர், இன்னும் சில தலை நரைத்த பிள்ளைகள். கற்பிக்க வந்த லெக்சரர் பெண்ணுக்கு இவர்கள் வயசில் பாதிதான். எல்லாரும் அவளைக் கண்டு நடுங்கினார்கள்.

அடுத்து பயிற்சிப் பாடம். ஏதாவது ஒரு நிஜப் பள்ளிக்கூடத்தில் போய் நிஜப் பிள்ளைகளுக்கு நடத்த வேண்டும். பின்னால் ஒரு வழிகாட்டி ஆசிரியர் உட்கார்ந்து குறை எழுதுவார். அவர் திருப்திப்பட்டுக் கையெழுத்துப் போட்டால்தான் பரீட்சை. எந்தப் பள்ளிக்கூடம் என்பதை அவரவர் சொல்லலாம்.

“எங்க ஸ்கூலை மட்டும் எழுதிடாதீங்க. என் மானம் போயிடும்” என்றாள் ஜலஜா.

எழுதிவிட்டார். தலைமையாசிரியை லூர்துமேரி வாயெல்லாம் பல்லாக வரவேற்றார். ஒன்பதாம் வகுப்பு ‘பி’ பிரிவு. கணக்கு, சயன்ஸ்.

“என் வழிகாட்டி ஆசிரியர் யாருங்க மேடம்?”

“ஒன்பதாவதுக்கு இந்த சப்ஜெக்ட் எடுக்கறது ஒரே ஆள்தான் மிஸ்டர் கோவிந்தராஜன். உங்க மிஸஸ்.”

வகுப்பு, நாயைக் கண்ட கோழிக்கூண்டு மாதிரி இருந்தது. இவர் ஃபாக்டரியில் போடுகிற சத்தம் ஒன்று போட்டார். அடங்கியது. திருப்தியாகக் கடைசி பெஞ்சைப் பார்த்தார். ஜலஜா தலை குனிந்து எழுத ஆரம்பித்துவிட்டாள்.

“ஒரு குழாய் ஒரு தொட்டியை மூன்று மணி நேரத்தில் நிரப்பும். இன்னொரு குழாய் ஆறு மணி நேரத்தில் நிரப்பும். இரண்டையும் சேர்த்துத் திறந்தால் எத்தனை மணி நேரம்?”

ஒரு பையன் கை தூக்கினான். “சார், நல்லா மே பானி நை ஆத்தா சார்.”

அந்த ஊரில் நல்லா என்றால் குழாய். குழாயில் தண்ணீர் வராது என்கிறான்.

“வருதுன்னு வெச்சுக்கோ.”

“நம்பரு வரதுக்குள்ள நின்னுபோத்துந்தி சார்” என்றாள் பக்கத்துப் பெண். பாதித் தமிழ், பாதித் தெலுங்கு. நம் முறை வருவதற்குள் நின்றுவிடுமாம்.

“ஆறு மணி நேரம் யார் சார் தண்ணி விடறாங்க? அட்ரஸ் சொல்லுங்க சார்” என்று மூன்றாவது குரல்.

“தொட்டி இருக்கறவன் மோட்டார் போட்டு இழுத்துருவான் சார். ரெண்டாவது குழாய்ல காத்துதான் வரும்.”

கோவிந்தராஜனுக்கு வேர்த்தது. யோசித்துப் பார்த்தால் அந்தப் பையன் சொல்வது சரி. இவர் வீட்டிலேயே அப்படித்தான். மணி அடித்தது. தொட்டி நிரம்பவில்லை.

வராந்தாவில் ஜலஜா நிறுத்தினாள்.

“மிஸ்டர் கோவிந்தராஜன். போர்டைப் பாத்துப் பேசறீங்க. போர்டுக்குக் கணக்குத் தெரியும். பிள்ளைங்களைப் பாத்துப் பேசுங்க.”

“ஏய், ஜலஜா...”

“ஸ்கூல்ல மேடம்.”

“...சரிங்க மேடம்.”

வீட்டுக்கு வந்ததும் குதித்தார். “புருஷனை நிக்க வெச்சுக் கேள்வி கேக்கறியே, இது அடுக்குமா உனக்கு? நாளைக்குக் கையெழுத்துப் போட்டுடு. முடிஞ்சுது.”

“அடுக்காதுங்க. எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. பேசாம விட்டுடுங்க. ஃபாக்டரி இருக்கு, உலை இருக்கு. நான்தான் அப்பவே சொன்னேனே, உங்களால...”

“போதும்! நாளைக்கு வரேன். பாத்துக்கோ!”

போனார். மறுநாளும் போனார். சேர்த்து வைத்த லீவையெல்லாம் எடுத்துக்கொண்டு போனார். சாக்பீஸ் பிடிப்பது எப்படி, கேள்வி கேட்டுவிட்டு அப்புறம் பெயர் சொல்வது எப்படி, பின்பெஞ்சில் புளியங்கொட்டை ஆட்டம் நடக்கும்போது எந்தப் பக்கமாக நடந்து போக வேண்டும், எல்லாம் ஜலஜா சொல்லிக்கொடுத்தாள். ரொம்ப அக்கறையாகச் சொல்லிக்கொடுத்தாள். இவ்வளவு அக்கறை எதற்கு என்று அவர் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவருக்கு இயந்திரம் என்றால்தான் சந்தேகம் வரும்.

ஒரு நாள் சயன்ஸ் பாடம். அடர்த்தி. கோவிந்தராஜன் புத்தகத்தை மூடி வைத்தார். பையிலிருந்து ஒரு கண்ணாடி பாட்டிலை எடுத்தார்.

“ரேஷன் கடைக்கு யார் யார் போறீங்க?”

அத்தனை கையும் உயர்ந்தது.

“இது மண்ணெண்ணெய். கடைக்காரன் இதுல தண்ணி கலந்துட்டான்னு வெச்சுக்கோ. வீட்டுக்கு வந்து எப்படிக் கண்டுபிடிப்பே?”

வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது. இது புத்தகக் கேள்வி இல்லை, வீட்டுச் சண்டை. ஒருவன் மோந்து பார்க்கலாம் என்றான். ஒருத்தி ஸ்டவ் பொரியும் என்றாள். குழாயில் தண்ணி வராது என்றவன் பாட்டிலையே முறைத்தான். இவர் தண்ணீரை ஊற்றிக் குலுக்கி மேஜை மேல் வைத்தார். மெள்ளப் பிரிந்தது. நடுவில் ஒரு கோடு.

“சார்! தண்ணி கீழே போயிடுச்சு சார்! அவன் ட்ரம்முல அடியில பைப் வெச்சிருக்கான் சார்! கடைசி ஆளுக்கு வெறும் எண்ணெய், முதல் ஆளுக்குத் தண்ணி சார்! எங்கம்மா விடிகாலையில போய் முதல்ல நிக்குது சார்!”

வகுப்பு எழுந்து நின்று கத்தியது. கோவிந்தராஜனுக்கு இருபது வருஷ உலையில் இந்தச் சூடு கிடைத்ததில்லை. கடைசி பெஞ்சைப் பார்த்தார். ஜலஜா பேனாவை மூடி வைத்துவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு குறையும் எழுதவில்லை.

ஆஹா, மயங்கிவிட்டாள் என்று நினைத்தார்.

பாஸ். அந்தப் பள்ளிக்கூடத்திலேயே ஓர் இடம் காலியாகப் போகிறதென்று லூர்துமேரி சொல்லி அனுப்பினார். ஃபாக்டரியை விட வேண்டியதுதான் பாக்கி. அங்கே தயங்கினார்.

“ராஜினாமா பண்ணிடட்டுமா ஜலஜா?”

“வேணாங்க. இருபது வருஷ உத்தியோகம். அதை உதற ஒரு தைரியம் வேணும். உங்களுக்கு வராது.”

மறுநாள் உதறிவிட்டு வந்தார்.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தது. புருஷனும் பெண்டாட்டியும் ஒன்றாக நடந்து போவது, மத்தியானம் ஒரே டப்பாவில் சாப்பிடுவது, திருத்த வேண்டிய பேப்பரை அவள் பக்கம் தள்ளுவது என்று கோவிந்தராஜன் திட்டமெல்லாம் வைத்திருந்தார். குளித்துவிட்டு வந்தால் ஜலஜா வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். கையில் அவருடைய டிபன் கேரியர். ஃபாக்டரி டிபன் கேரியர்.

“இவ்வளவு சீக்கிரமாவா?”

“எனக்கு பஸ் பிடிக்கணுங்க. வீட்டைப் பூட்டிட்டு வாங்க.”

“நடந்து போற ஸ்கூலுக்கு எதுக்குடி பஸ்?”

பஸ் வந்துவிட்டது. ஏறிவிட்டாள். ஜன்னலோர சீட்டு.

லூர்துமேரி தன் அறையில் எழுந்து கை குலுக்கினார். “வாங்க, வாங்க. ஒன்பது ‘பி’ உங்களுக்காகக் காத்திட்டிருக்கு.”

“ஒன்பது ‘பி’ ஜலஜாவோடதாச்சே மேடம்?”

“இருந்தது. அவதான் போயிட்டாளே. சனத்நகர்ல அவ ஃப்ரெண்டு கிரிஜா கெமிக்கல் டெஸ்டிங் லேப் ஆரம்பிச்சிருக்கா இல்ல? ரெண்டு வருஷமா என்னைப் பிடுங்கினா, விடுங்க மேடம், விடுங்க மேடம்னு. எப்படி விடறது? கணக்குக்கும் சயன்ஸுக்கும் பி.எட். முடிச்ச ஆள் எங்கே கிடைக்குது? உன் இடத்துக்கு ஒரு ஆளைக் கொண்டா, அப்புறம் போன்னேன். அந்த விளம்பரத்தைக் காட்டினதே நான்தான். மறுநாளே வந்து, ஆள் இருக்கு மேடம், கொஞ்சம் பழக்கணும், ஒரு வருஷம் டைம் குடுங்கன்னா.”

கோவிந்தராஜனுக்குக் கண் முன்னால் ஒரு வட்டக் காபிக் கறை தெரிந்தது.

“நல்லாத்தான் பழக்கியிருக்கா” என்றார் லூர்துமேரி. “ஜலஜா பாத்ததெல்லாம் இனிமே நீங்க பாக்கணும். காலையில பிரேயர், சாயங்காலம் கேட்டுல நின்னு பிள்ளைங்களை ரிக்‌ஷா ஏத்தறது. சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ். மே மாசம் பரீட்சைப் பேப்பர் திருத்தணும். அது முடிஞ்சா வாக்காளர் பட்டியல், வீடு வீடாப் போகணும்.”

“மே மாசம் லீவு இல்லீங்களா மேடம்?”

“லீவுதான். லீவு விட்டாத்தானே இதுக்கெல்லாம் டைம் கிடைக்கும்?”

“அவ ஈஸிசேர்ல உக்காந்திருந்தாளே...”

“என்னிக்கு? போன மேயிலயா? ஒரு நாள் கால் சுளுக்குன்னு லீவு கேட்டா. குடுத்தேன்.”

கோவிந்தராஜன் ஒன்பது ‘பி’க்குப் போனார். வகுப்பே எழுந்து கத்தியது. “சார், பாட்டில் கொண்டுவந்தீங்களா சார்?” ஓடிப்போகலாம் என்று வந்த எண்ணம் அங்கேயே செத்தது. அதுவும் ஜலஜாவுக்குத் தெரிந்துதான் இருக்கும்.

அந்தி சாய்ந்து ஜலஜா வந்தாள். டிபன் கேரியரை வாசலில் உட்கார்ந்திருந்தவர் மடியில் வைத்தாள். ஈஸிசேரை வாசலுக்கு இழுத்துப் போட்டுச் சாய்ந்தாள். சுவர் மேல் தேவசகாயத்தின் முகவாய் வந்து உட்கார்ந்தது.

“ஏண்டி, எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா?”

“என்னங்க இப்படிக் கேக்கறீங்க? வேணாங்க, வேணாங்கன்னு எத்தனை தடவை சொன்னேன்! நீங்க எங்கே கேட்டீங்க?”

யோசித்துப் பார்த்தார். சொல்லியிருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் சொல்லியிருக்கிறாள்.

“நக்கோன்னு நானும்தான் சொன்னேன் சார்” என்றது சுவர்.

ஜலஜா பையிலிருந்து ஒரு பங்கனப்பள்ளியை எடுத்து நீட்டினாள். “பத்து மணிக்குப் போய் நாலு மணிக்கு வர்றவர்தானே, டயர்டா இருக்காது. நறுக்குங்க. கொட்டையை நீங்க எடுத்துக்கங்க.”