ரெக்கார்டு அண்ணன் போட்ட கூச்சல்

விழுப்புரம் ஜில்லாவில் செயற்கை நுண்ணறிவையே திணறடித்த மனிதர் ஒருவர் உண்டென்றால், அவர் எங்கள் ரெக்கார்டு அண்ணன்தான். அவருடைய நிஜப்பெயர் சம்பளப் பட்டியலுக்கு மட்டுமே தெரியும்.

நான் வேலை பார்க்கும் பம்புசெட் கம்பெனிக்குத் தலைமை ஆபீஸ் விழுப்புரத்தில். அண்ணன் திண்டிவனம் கிளையில் விற்பனையாளர். போனில் யார் கூப்பிட்டாலும் அவருடைய முதல் கேள்வி, "ரெக்கார்டு ஆவுதா?" என்பதுதான். சம்சாரம் தக்காளி வாங்கி வரச் சொன்னாலும் அதே கேள்வி. "ஆமா, கோர்ட்ல போட்டுக் காட்டப்போறேன்!" என்று அந்த அம்மாள் போனை வைத்துவிடுவார்.

ஒரு திங்கட்கிழமை, அவரவர் வீட்டிலிருந்தே சேரும் ஆன்லைன் மீட்டிங்கில், எங்கள் முகங்களுக்கு நடுவே புதிதாக ஒரு கறுப்புக் கட்டம் முளைத்தது.

"இது ஏஐ உதவியாளர். நாம பேசறதெல்லாம் எழுதி, சுருக்கி, முதலாளி வரைக்கும் மெயில் பண்ணிடும்" என்றார் மேனேஜர், புது மாப்பிள்ளையை அறிமுகப்படுத்தும் பூரிப்போடு.

"எங்கள ஒரு வார்த்த கேட்டீங்களா சார்?" என்றார் அண்ணன்.

"மெஷினுக்கு எதுக்குங்க பர்மிஷன்?"

"மெஷினுக்கா சார் கேக்கறேன்? பேசறது நாங்கதானே!"

எல்லோரும் சிரித்தோம். அன்றிலிருந்து அண்ணன் மீட்டிங்கில் வாயைத் திறக்கவில்லை. விற்பனை எப்படி என்றால் கட்டை விரல்; மோட்டார் வேண்டுமென்றால் கையைச் சுழற்றிக் காட்டுவார். 'திண்டிவனம்: கருத்து ஏதுமில்லை' என்று மெயில் வந்துகொண்டிருந்தது.

ஒருநாள் மீட்டிங் முடிந்து மேனேஜர் போய்விட்டார். அண்ணனும் நானும் கணக்குப் பிரிவு மலர்விழியும் மட்டும் திரையில் மிச்சம். மலர்விழியின் பதவி உயர்வு அந்த வாரம்தான் முடிவாக இருந்தது.

"அண்ணே, யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. நேத்து டாக்டரு..." என்று ஆரம்பித்தாள்.

கறுப்புக் கட்டம் இன்னும் போகாமல் உட்கார்ந்திருந்ததை அண்ணன்தான் பார்த்தார்.

"மல்லாட்ட! மல்லாட்டே!" என்று நிலக்கடலை வியாபாரி மாதிரி ஒரே கத்தல். "கெடார் ஊரு மல்லாட்ட! மேனேஜர் சாருக்கு மூட்ட மூட்டயா ஏத்துங்க! ஜல்தி!"

கத்திக்கொண்டே அந்தக் கட்டத்தை விரலால் குத்திக் காட்டினார். மலர்விழி சட்டென்று இணைப்பைத் துண்டித்தாள்.

மெயில் வந்தது: 'முடிவு: மேனேஜருக்கு உடனடியாக மல்லாட்டை மூட்டைகள் அனுப்பப்பட வேண்டும். பொறுப்பு: திண்டிவனம்.'

"நாம பம்பு விக்கறோமா, மல்லாட்ட விக்கறோமா?" என்று முதலாளி மேனேஜரைப் பிடித்துக்கொண்டார். மேனேஜர் அண்ணனைப் பிடித்தார். "என்னங்க பேஜாரு இது?"

"நான் என் வூட்ல கத்திக்கினு இருந்தேன். உங்க ஆளு ஏன் சார் ஒட்டுக் கேட்டான்?"

அதற்குப் பிறகு மீட்டிங் தொடங்கும்போதே, "பதிவு பண்ணலாமா?" என்று ஒவ்வொருவரையும் கேட்க ஆரம்பித்தார் மேனேஜர். அண்ணன் வாரம் தவறாமல் "வேணாங்க" என்பார். கறுப்புக் கட்டம் வெளியேறும்.

மலர்விழிக்குப் பதவி உயர்வு கிடைத்தது. வளைகாப்புக்குப் போனபோது அவள் சொன்னாள்: "அன்னிக்கு இதத்தாண்ணே சொல்ல வந்தேன். பிரசவ லீவுல போறவளுக்கு மேனேஜர் எங்க பதவி குடுப்பாரு?"

"அப்படியாம்மா!" என்ற அண்ணனுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

டாக்டர் என்ன சொன்னார் என்று நான் அவளை நச்சரித்த நச்சரிப்பு கொஞ்சமல்ல. அந்த மனுஷன் மட்டும் இத்தனை மாதத்தில் ஒரு தடவைகூடக் கேட்கவில்லையாம்.