கவுத்து சாரின் குப்பிகள்

எதையும் தலைகீழாகத் திருப்பிப் பார்க்காமல் நம்பாத மனிதர் இந்தச் செங்கல்பட்டு ஜில்லாவிலேயே ஒருவர்தான். அவர் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது, கேட்கக் கூச்சம். சிறுசேரிப் பக்கம் நான் பெருக்கித் துடைக்கும் ஆராய்ச்சிக் கூடத்தில் எல்லோருக்கும் அவர் ‘கவுத்து சார்’.

அவர் வேலை அப்படி. நாம் தின்னும் பருப்பிலும் மீனிலும் உள்ள புரதம் அமினோ அமிலங்களால் ஆனதாம். அந்த அமிலத்தில் செய்த ஒரு பொடியை வெந்நீரில் கரைப்பார். ஆற ஆற, பொடியின் துணுக்குகள் யாரும் சொல்லாமலே ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத வலை பின்னி, தண்ணீரை அப்படியே நிறுத்த வேண்டும். புண்ணின் மேல் ஈரம் காயாமல் காக்க உதவுமாம். வலை பின்னியதா என்று பார்க்கக் குப்பியைக் கவிழ்ப்பார். ஒழுகாவிட்டால் ஜெயம்.

குப்பியோடு விட்டாரா? கேன்டீனில் தயிர்க் கிண்ணத்தைக் கவிழ்ப்பார், கேசரியைக் கவிழ்ப்பார். கூடத்துக்கே தலைவியான மேடத்தின் பிறந்தநாள் கேக்கையும் தட்டோடு கவிழ்த்தார். அது அவர்கள் மேசையில் இருந்த ஃபைல் மேல் விழுந்தது.

“சாரி மேடம். இது இன்னும் செட் ஆவல.”

ஆனால் அவருடைய குப்பி ஒன்றுகூட நிற்கவில்லை. ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை கவிழ்ப்பார், தண்ணீராக ஓடும். மாதக்கணக்காக இதே கதை. பொங்கல் லீவுக்கு முன்தினம் மேடம் சொல்லிவிட்டார்கள்: “லீவு முடிஞ்சு வந்ததும் இந்த ஆராய்ச்சிய மூடிடலாம். நீங்க வேற எடம் பாத்துக்கோங்க.”

அன்று கவுத்து சார் கேன்டீனில் தயிரைக் கவிழ்க்காமல் சாப்பிட்டார். எனக்கு என்னவோ போல இருந்தது.

“ஆயா, இந்தக் குப்பியெல்லாம் வேஸ்ட்டு. கொட்டிக் கழுவிடு” என்று சொல்லிவிட்டு மாமல்லபுரம் பஸ்ஸைப் பிடிக்கப் போனார்.

அங்கே கண்ட தண்ணீரைப் பேசினில் ஊற்றக்கூடாது. ஒன்று சிவப்புக் கேனில், இல்லையென்றால் நீலக் கேனில். இது எதில் என்று மேடத்திடம் கேட்கலாம், போனில் பேசிக்கொண்டிருந்தார்கள். அரைமணி நேரம் கதவோரம் நின்றேன். அவர்கள் திரும்பிப் பார்ப்பதற்குள் நகர்ந்துவிட்டேன். குப்பிகளை யார் கையும் படாத மேல்தட்டில் வைத்துவிட்டு நெம்மேலியில் என் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

லீவு முடிந்து, அவர் வருவதற்குள் கழுவிவிடலாம் என்று சீக்கிரமே போனேன். மூடியைத் திறந்து, ஆனது ஆகட்டும் என்று சிவப்புக் கேனில் கவிழ்த்தேன். விழவில்லை. அடுத்ததும் விழவில்லை. எதையோ கெடுத்துவிட்டேன் என்று அவசரமாக மூடியை மாட்டினேன்.

“இன்னா ஆயா, இன்னுமா கழுவல?” பின்னால் அவர்.

“ஊத்துனா வர மாட்டேங்குது சார்.”

ஓடி வந்து ஒவ்வொன்றாகக் கவிழ்த்தார். எல்லாமே நின்றன.

“ஆயா! இன்னா பண்ண நீ?”

“சத்தியமா நான் ஒண்ணும் பண்ணல சார். மேல தூக்கி வச்சேன், அவ்ளோதான்.”

தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். “அதான் ஆயா மேட்டரு. வல பின்னிகினு இருக்கும்போதே கவுத்துக் கவுத்து நானே அத்துவுட்டுகினு இருந்துக்கீறேன். சும்மா இருக்கத்தான் எனக்குத் தெரியல.”

மேடம் வந்ததும், “ஆயா செஞ்சது மேடம்!” என்று கத்தினார். நான் மாப்போடு பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டேன்.

வேலையை மூடவில்லை. அவரும் போகவில்லை. இப்போதெல்லாம் குப்பிகளை வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு தவிப்போடு உட்கார்ந்திருக்கிறார். அந்த மேசையடியில் துடைக்கும்போது நான் மூச்சைக்கூட மெதுவாகத்தான் விடுகிறேன்.