பூங்காத் துறைக்கு வந்த நாய்

புல்வெளி பொதுமக்களுக்கு. பலகையில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. வாத்துகளுக்குப் படிக்கத் தெரியாது. கழுத்து நீண்ட பெரிய வாத்துகள், குளத்திலிருந்து ஏறி வரும், மேயும், எச்சத்தை விட்டுவிட்டுப் போகும். உட்கார்ந்தவன் எழுந்தால் பின்பக்கம் பச்சை.

நாங்கள் முணுமுணுத்ததோடு சரி. ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் மட்டும் விடவில்லை. அவர் மனைவிக்கு முட்டியில் ஆபரேஷன். தினமும் புல்தரையில் நடக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். எச்சத்தில் வழுக்கினால் இன்னொரு முட்டியும் போகும். நேரே பூங்காத் துறைக்குப் போனார். கூட்டத்துக்கு ஆள் வேண்டுமே என்று நாங்களும் போனோம்.

"வாத்தை விரட்டுங்க சார்."

"விரட்டுறதுங்கிற பேச்சே கூடாது," என்றார் அதிகாரி. "மனம் நோகாம இடம்பெயரச் செய்யணும்."

"யார் மனசு?"

"வாத்து மனசுதான்."

உயிர்களுக்கு ஊறு விளைவிக்கா இடப்பெயர்ச்சிக்கான உயர்மட்டக் குழு கூடியது. டீ குடித்தது. பிளாஸ்டிக் நாய் ஒன்றை வாங்கிப் புல்வெளி நடுவில் நிறுத்தியது. வாத்துகள் மிரண்டு ஒதுங்கின. தினமும் நாயை இடம் மாற்றி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் வாத்துகளுக்குப் பழகிவிடும் என்று விற்றவர் சொல்லியிருந்தார்.

"தோட்டக்காரரே, நாயைக் கொஞ்சம் நகர்த்துங்க," என்றார் டிரைவர்.

"நாய்னா கால்நடைப் பிரிவு. நான் செடி கொடி மட்டும்."

கால்நடைப் பிரிவு வந்தது. தட்டிப் பார்த்தது. "இது பிளாஸ்டிக். தளவாடப் பிரிவைக் கேளுங்க."

மேசை நாற்காலியைப் பார்க்கும் தளவாடப் பிரிவு யோசித்தது. "நாலு கால் சரி. மேசைக்கு ஏதுங்க வாலு?"

டிரைவர் தானே தூக்கப் போனார். அரசுச் சொத்தைத் தொட்டதற்காக அதட்டி அனுப்பினார்கள்.

இதற்குள் ஒரு வாத்து அந்த நாலு காலுக்கு நடுவே கூடு கட்டி முட்டை இட்டுவிட்டது. வெயிலுக்கு நிழல், காவலுக்கு நாய். வேறென்ன வேண்டும்?

இப்போது எல்லாப் பிரிவுகளும் ஓடி வந்தன. அடைகாக்கும் பறவையைக் கலைக்கக் கூடாது என்பது விதி. ஆகவே நாயை நகர்த்த முடியாது. ஆள் நடந்தால் வாத்து மிரளும். ஆகவே ஆட்களை நகர்த்தினார்கள். சுற்றிலும் வேலி. உள்ளே யாரும் போகாததால் எச்சத்தைப் பற்றிய புகார் அடியோடு நின்றது. குழுவுக்குப் பாராட்டு விழா நடந்தது.

நாயும் வாத்தும் ஒற்றுமையாக வாழும் அதிசயம் என்று ஊரெல்லாம் பேச்சு. படம் எடுக்க வேலியோரம் வரிசை, தெருக்கோடி வரை.

ஒருநாள் டிரைவருக்குப் பொறுக்கவில்லை. "வாங்கய்யா, வேலியைப் பிடுங்குவோம். நாம நடக்கிற இடம்யா இது."

"வாயில்லா ஜீவன்யா. உமக்கெல்லாம் நெஞ்சா, கல்லா?" என்றார் ஒருவர். அன்று துறையில் தன் பேண்ட்டின் பின்பக்கத்தைக் காட்டி நியாயம் கேட்டவர் அவர்தான்.

வரிசை முழுக்க ஆமாம் போட்டது. முன்னாலிருந்து ஒரு குரல். டிரைவரின் மனைவி. ஒரு கையில் ஊன்றுகோல், மறு கையில் போன்.

"சும்மா கத்தாம இங்க வாங்க. நம்ம முறை வந்தாச்சு. நாயை மறைக்காம நில்லுங்க."