சூரியகாந்திக்குப் பின்னால் ஒரு காது

"என் வீட்டுக்காரர் போய் நாற்பதாம் நாள் வருது, தம்பி. ஊரெல்லாம் ஒட்டற நோட்டீசுக்கு அவர் முகம் வேணும்," என்றாள் தோன்கா. "கல்யாணப் போட்டோவுல தலை நிறைய முடி. அதை ஒட்டினா வேற யாரோ செத்துட்டாங்கன்னு நினைப்பாங்க."

வெலிச்கோ தலையைச் சொறிந்தார். அந்தப் பல்கேரியச் சிற்றூருக்கு அவர் ஒருவர்தான் போட்டோக்காரர். ஆனால் இருபது வருடமாக அவர் மனசார எடுத்ததெல்லாம் செடிகொடிகளை. கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் மணப்பெண் மங்கலாகவும், அவள் கையிலிருக்கும் பூங்கொத்து பளிச்சென்றும் வரும். கேமராவில் கண்ணை வைத்துவிட்டால் பக்கத்தில் இடி விழுந்தாலும் தெரியாது.

"மெத்தோதி அண்ணன் நான் எடுத்த போட்டோ எதுலயாவது ஓரமா விழுந்திருப்பாரு, அக்கா. தேடிப் பாக்கறேன்."

மனைவி நெவேனாவுக்கு இது பிடிக்கவில்லை. "இல்லைன்னு சொல்லிட்டு வேலையைப் பாருங்களேன்."

"பாவம்டி, புருஷனைப் பறிகொடுத்தவ."

தேடினார். சூரியகாந்திக்குப் பின்னால் ஒரு காது அகப்பட்டது. பெரிதாக்கி எடுத்துக்கொண்டு போனார்.

"இந்தக் காதை ஒட்டி, யாருன்னு கண்டுபிடிங்கன்னு ஊருக்குப் போட்டி வைக்கவா?" என்றாள் தோன்கா.

மறுபடி தேடினார். ரோஜாவுக்குப் பின்னால் பாதி மீசை.

"மீசை மங்கலா இருக்கு. பூ மட்டும் பளபளங்குது!"

"அந்தப் பனித்துளியைப் பாருங்க அக்கா, எவ்வளவு..."

"செத்தது பனித்துளி இல்லடா, என் புருஷன்!"

கதவு அவர் மூக்கில் இடித்துச் சாத்திக்கொண்டது. சாயங்காலத்துக்குள் விஷயம் ஊரெங்கும் பரவி, படமெடுக்கப் பேசி வைத்திருந்த ஒரு கல்யாணமும் கைவிட்டுப் போனது.

இப்போது மானப் பிரச்சினை. பெட்டிகளைக் கவிழ்த்துக் கொட்டினார்.

"எல்லாத்தையும் அடுப்புல போடுங்க!" என்று நெவேனா குறுக்கே விழுந்து தடுத்தாள். தலைவலி என்றாள். அழுதும் பார்த்தாள். அவர் நிமிரவில்லை. கடைசியில் கிடைத்தது: பீன்ஸ் பூக்களுக்கு மேலே மெத்தோதியின் முழு முகம், அதுவும் சிரித்தபடி.

ஓட்டமாய் ஓடிப்போய் நீட்டினார். "பாருங்க அக்கா! எப்படித் தெளிவா விழுந்திருக்காரு!"

தோன்கா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள்.

"முகம் நல்லாத்தான் இருக்கு, தம்பி. ஆனா ஷூவைக் கையில புடிச்சுக்கிட்டு, உன் வீட்டு ஜன்னல் வழியா ஏன் இறங்கறாரு?"