கருவாட்டு உரமும் பத்துமணிப் பூவும்

தாவரவியலில் பட்டம் வாங்கியவர்களிடம் செடியை மட்டும் ஒப்படைக்காதீர்கள். நான் வாங்கியவள், அதனால் சொல்கிறேன்.

கல்யாணமாகி இரண்டு மாதம். தவளக்குப்பத்திலிருந்து முத்தியால்பேட்டைக்கு வாழ வந்திருந்தேன். (செல்போனில் ரிங்டோன் மாற்றத் தெரிந்தவர்களுக்குத் தெருவில் தனி மரியாதை இருந்த காலம்.) மாமனார் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குபவர். வாசலில் கல்லடுக்கி, இடுக்கெல்லாம் பத்துமணிப் பூச்செடியைப் படரவிட்டிருந்தார். சிவப்பும் மஞ்சளுமாய் அது விரிந்துவிட்டால், போகிற சைக்கிள்கூட நின்று பார்த்துவிட்டுப் போகும். மகளைப் பார்க்கப் பாரீசுக்குக் கிளம்பும்போது என்னிடம் சொன்னார்:

"ரெண்டு நாளைக்கு ஒருதரம் தண்ணி தெளிம்மா. வேற ஒண்ணும் பண்ணிடாத."

அந்த வீட்டில் எனக்குக் கிடைத்த முதல் பொறுப்பு. சும்மா விடுவேனா? திரும்பி வந்ததும் அவர் வாயால் "படிச்ச மருமவள்னா இவதான்" என்று சொல்ல வைக்க வேண்டும். மண்ணை அள்ளிப் பார்த்தேன். வெறும் மணல், சத்தே இல்லை! (அந்த மண்ணில்தான் அது நன்றாகப் பூக்கும் என்பது செடிக்குத் தெரிந்திருந்தது, எனக்குத் தெரியவில்லை.) கடலோர மீனவர் ஊரான பிள்ளைச்சாவடிக்குப் போய் ஒரு மூட்டை கருவாட்டுத் தூள் வாங்கிவந்து, கல்லுக்குக் கல் புரட்டிக் கொட்டினேன்.

"நாத்தம் கொடலப் புடுங்குது. எதுக்கும்மா இது?" என்றார் மாமியார்.

"உரம் அத்த. நான் படிச்சிருக்கேன்."

மறுநாள் காலை கதவைத் திறந்தால் பூனைகள். எங்கள் தெருப் பூனை, அடுத்த தெருப் பூனை, ஐயோ, எந்தத் தெருவென்றே தெரியாத பூனை! கல்லை உருட்டி, மண்ணைப் பறித்து, செடியைப் பிய்த்து இறைத்திருந்தன. துடைப்பத்தோடு பாய்ந்தேன். ஒரு கிழட்டுப் பூனை மட்டும் நகராமல் என்னையே முறைத்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. பிய்ந்ததையெல்லாம் கூட்டி அள்ளி, எதிர் காலி மனையில் வீசினேன். (தடயத்தை அழிக்கிறேனாம்!)

ஒன்றரை மாதம் கழித்து, சரியாகப் பத்தரை மணிக்கு மாமா டாக்சியை விட்டு இறங்கினார். வாசலில் மொட்டைக் கல். எதிர் மனையில் சுவரிலிருந்து சுவர்வரை பூ.

"நம்ம செடிய அங்க யாரு வச்சது?"

"ஒங்க மருமவதான். செத்துப்போச்சுன்னு தூக்கிப் போட்டா" என்றார் அத்தை. எனக்குப் பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது.

மாமா என்னைப் பார்த்தார், பூவைப் பார்த்தார். "பாத்தியாம்மா, நீ கைய எடுத்ததும் எப்படிப் பூத்திருக்கு!"

இன்றைக்கும் என்னைப்போல் கருவாட்டுக் குழம்பு வைக்க அந்த வீட்டில் ஆளில்லை. ஆனால் குழம்பை இறக்கியதும் மாமா முதல் ஆளாக வந்து வாசல் கதவைத் தாழ்போடுவார்.

"படிச்ச புள்ள. செடிக்கு ஊத்தினாலும் ஊத்திடும்."