கூடத்தில் ஒரு படகு

கட்டிலுக்கடியில் தலையை நுழைத்திருந்த மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் டேப்பை இழுத்து அளந்து பார்த்து, உதட்டைப் பிதுக்கினார்.

“இங்க நுழையாது.”

“எது?” மனைவியின் குரல் மேலிருந்து வந்தது.

“படகு.”

“என்னங்க, நமக்கு இருக்கறதே ரெண்டு ரூம். ஒண்ணுல அப்பா இருக்காரு. படகு எங்க இருக்கும்?”

“காத்தடிக்கற படகுதான். மடிச்சா பெட்டி மாதிரி ஆயிடும்.”

விஷயம் இதுதான். மாமியார் போனபிறகு மாமனார் இங்கே வந்து சேர்ந்தார். வாழ்நாள் முழுக்க பஸ் ஓட்டியவர், இப்போது கூடத்து ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவையே வெறித்துக்கொண்டிருப்பார். எதைக் கேட்டாலும் ஒரு ‘ம்’. மருமகன் மட்டும் என்ன? கடையில் நாள் முழுக்க ‘இது தெளிவா, அது தெளிவா’ என்று கேட்டுக் கேட்டு, வீட்டுக்கு வந்தால் அவருக்கும் பேச்சு வராது. ஒருநாள் அந்த மௌனம் தாங்காமல், “மாமா, மீன் பிடிக்கப் போனா எப்படி இருக்கும்?” என்று சும்மா கேட்டுவைத்தார்.

பெரியவர் சட்டென்று நிமிர்ந்தார். “ஓ! நல்லா இருக்குமே மாப்பிள்ளை!”

கண்ணாடிக் கடைக்காரருக்கு மீன் வாடையே ஆகாது. புழுவை நினைத்தாலே உடம்பு கூசும். ஆனாலும் அந்த முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்தபின் சும்மா இருக்க முடியுமா?

படகுக் கடைப் பெண் இரண்டைக் காட்டினாள். ஒன்றுக்குப் பலகைத் தரை. உள்ளே எழுந்துகூட நிற்கலாம். ஆனால் பலகைகளை வைக்கவே தனி அலமாரி வேண்டும். இன்னொன்றுக்குத் தரையும் காற்றுதான்.

“இதைச் சுருட்டினா தோள்பையில அடங்கிடும் சார்.”

“அப்ப இதையே கொடும்மா.”

பை அலமாரி மேல் அழகாக உட்கார்ந்தது. அதோடு விட்டிருக்கலாம். தண்ணீரில் இறக்குமுன் ஒருமுறை காற்றடித்துப் பார்த்துவிடுவோம் என்று அவருக்குத் தோன்றியது. அடித்தார். பார்த்தார். காற்றைப் பிடுங்கிச் சுருட்டினார். எப்படிச் சுருட்டினாலும் படகு அந்தப் பைக்குள் திரும்பிப் போக மறுத்தது. மனைவி அதன்மேல் ஏறி உட்கார, அவர் ஜிப்பை இழுக்க, ஜிப் கையோடு வந்துவிட்டது.

பை இல்லாத படகு அலமாரி மேலிருந்து மெல்லப் பிரிந்து, மேஜை விளக்கின் மேல் விழுந்தது. குளியலறையில் வைத்தார், கதவைச் சாத்த முடியவில்லை. “காத்தடிச்சு நிக்க வெச்சுட்டா சுவரோரமா ஒதுங்கிடும்” என்று நிமிர்த்தினார். அது ஜன்னலை அடைத்து, மாமனாருக்குத் தெரு தெரியாமல் போயிற்று. கடைசியில் சோபாவை பால்கனிக்குத் தள்ளி, படகைக் கூடத்தில் படுக்க வைத்தார்.

“உக்கார இடம் இல்லாத வீடு ஆயிடுச்சு” என்றாள் மனைவி.

“ஏன் இல்ல?” என்றார் மாமனார். படகுக்குள் காலெடுத்து வைத்து, பழக்கதோஷத்தில் முன்பக்கமாகப் போய் உட்கார்ந்தார். வேறு வழியில்லாமல் மருமகன் பின்னால் உட்கார்ந்தார்.

பெரியவர் திரும்பிப் பார்க்காமலே பேசினார். “என் பஸ்ஸுல உங்க அத்தை எப்பவும் எனக்குப் பின்னால இந்த இடத்துலதான் உக்காருவா. கண்ணாடியில பாத்துக்கிட்டே ஓட்டுவேன். கடைசி ஸ்டாப் வரைக்கும் ஒரு வார்த்தை பேச மாட்டா. ஆனா இருப்பா.”

கண்ணாடிக் கடைக்காரர் இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். “வர்ற ஞாயித்துக்கிழமை ஏரிக்குப் போறோம் மாமா” என்றார். புழுவாவது வாடையாவது, பார்த்துக்கொள்ளலாம்.

“ம்” என்றார் மாமனார். கொஞ்சம் பொறுத்து, “போவோம்.”

மறுநாள் மாலை மருமகன் புதுப் பையும் தூண்டிலும் வாங்கப் படகுக் கடைக்குப் போனார்.

“ஜிப் போயிடுச்சா? கூடத்துல படகு கெடக்குதுன்னு உங்க மாமனார் சொன்னாரே சார்!” என்று சிரித்தாள் அந்தப் பெண்.

“அவரு எதுக்கு இங்க வந்தாரு?”

“மூழ்காம இருக்கற சட்டை வாங்க. ஒண்ணுமேல ஒண்ணா ரெண்டு போட்டுப் பாத்தாரு சார். ‘எனக்குத் தண்ணின்னாலே நடுக்கம்மா, ஆனா வாயே தொறக்காத மாப்பிள்ளை முதல்முறையா ஆசைப்பட்டு ஒண்ணு கேட்டுட்டாரே, எப்படி மாட்டேன்னு சொல்றது’ன்னாரு.”